பெயர் சுட்டா மறுப்பு: தமிழ்ப் புலமை மரபில் குற்றங்காட்டலும் பெயர்மறைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவரது எழுத்தின்மேல் பெயர் மறைத்துக் கருத்துரைப்பதன் ஒழுகலாற்றைத் தமிழ் இலக்கண, உரை, கண்டன மரபுகளின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பெயரை மறைத்தல் தமிழ்மரபுக்குப் புதியதன்று. ஆயின், மரபு மறைத்தது பெரும்பாலும் குற்றம் காட்டப்படுபவரின் பெயரையே. குற்றம் காட்டுபவரின் பெயரை அன்று. அச்சுக் காலத்தில் இம்முறை தலைகீழாயிற்று. அம்மாற்றத்தின் இயல்பும், ஆய்விதழ் மதிப்பீட்டில் அது கொண்டுள்ள வடிவமும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பெயர்மறைப்பு, அங்கதம், கடாவிடை, கண்டனம், புனைபெயர், ஆய்விதழ் மதிப்பீடு.

முன்னுரை

பெயரிடப்படாத கருத்துரை குறித்து இரு நிலைப்பாடுகள் வழங்கி வருகின்றன. பெயரில்லாதது பொருட்படுத்தத் தக்கதன்று என்பது ஒன்று. 'மொட்டைக் கடிதம்' என்னும் வழக்கே இம்மதிப்பீட்டைத் தாங்கி நிற்கிறது. கையொப்பம் இல்லாத கடிதம் தலையில்லாத உடல் போன்றது என்னும் இகழ்ச்சி அச்சொல்லுள் அடங்கியுள்ளது. சொல்லப்பட்டது யாது என்பதே கருதத்தக்கது, சொன்னவர் எவராயினும் ஆகுக என்பது மற்றொன்று. இரண்டாம் நிலைப்பாட்டினர் தமக்குச் சான்றாகத் திருக்குறளின் அறிவுடைமை அதிகாரத்து 423ஆம் குறளைக் காட்டுவர்.

அக்குறள் அவர்கள் கருதும் பொருளைத் தருமா என்பது ஐயத்திற்குரியது. எவர் வாயிலிருந்து கேட்பினும் மெய்ப்பொருளைக் காண்பது அறிவு என்பதே அதன் கருத்து. பகைவர் வாயிலிருந்தும் உறுதிப்பொருள் வரக்கூடும், நண்பர் வாயிலிருந்தும் கெடுபொருள் வரக்கூடும் எனப் பரிமேலழகர் விளக்குகிறார். இவ்விளக்கத்தில் கேட்பவன் சொல்பவனை அறிந்திருக்கிறான். இவன் பகைவன் என்று தெரிந்தும் அவன் சொல்லில் உள்ள மெய்யைக் கொள்வதே அறிவு எனப்பட்டது. சொல்பவன் யாரென்றே தெரியாத நிலை அங்குக் கருதப்படவில்லை. கேட்போனுக்கு விதிக்கப்பட்ட அறத்தைச் சொல்வோனுக்கு வழங்கப்பட்ட உரிமையாக மாற்றிப் படித்ததன் விளைவே இச்சான்று காட்டல். சொல்வோனின் ஒழுக்கம் குறளில் வேறிடத்தில் பேசப்படுகிறது. எதிரே நின்று கண்ணோட்டமின்றிக் கடிந்துரைத்தாலும் உரைக்கலாம், எதிரில் இல்லாதவனைப் பற்றிப் பின்விளைவு நோக்காத சொல்லைச் சொல்லலாகாது என்று புறங்கூறாமை அதிகாரம் வரையறுக்கிறது. கடுமை அங்குப் பெருங்குற்றமாக எண்ணப்படவில்லை. மறைவே குற்றமாக எண்ணப்பட்டது.

எதனை மறைத்தது மரபு?

தொல்காப்பியம் பெயர் மறைப்பை இரு சூழல்களில் பேசுகிறது. முதலாவது அகத்திணை. அன்பின் ஐந்திணையில் தலைமக்களை இன்னார் எனப் பெயர் சுட்டிக் கூறுதல் கூடாது என்பது அகத்திணையியல் விதி. இவ்விதி எவ்வளவு நுணுக்கமாகப் போற்றப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடையே சான்று. தலைவியின் பிரிவுத்துயரைப் பாடும் அப்பாட்டில், வேலில் கட்டிய வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ என்பதனால், அது புறத்திணையாகக் கொள்ளப்படும் என்றார் நச்சினார்க்கினியர். பெயர்கூட இல்லை; ஒரு பூவின் குறிப்பே ஆளைச் சுட்டிவிடுகிறது. ஒருவரது அந்தரங்கம் பொதுவெளியில் பேசப்படும்போது அவரை அடையாளம் காட்டக்கூடியது எதுவும் இருத்தல் கூடாது என்னும் நாகரிகம் இவ்விதியுள் இயங்குகிறது. பாடிய புலவரின் பெயரோ மறைக்கப்படவில்லை. செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் போன்றோரின் இயற்பெயர்கள் நமக்குக் கிட்டாமல் போனது காலத்தின் இழப்பு. அவர்கள் செய்த மறைப்பு அன்று.

இரண்டாவது சூழல் அங்கதம். இதனைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுக்கிறது செய்யுளியல். வெளிப்படையான வசை முதலாவது. வசை தோன்றாதவாறு சொல்லுள் கரந்துவைப்பது இரண்டாவது. இங்குக் கரக்கப்படுவது பழி, பழித்தவர் அல்லர். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் அவன் படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய புறநானூற்று 95ஆம் பாடல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நெய் பூசிப் பீலி அணிந்து காவல் மனையில் இருக்கும் தொண்டைமானின் வேல்களையும், போரில் முனை சிதைந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கும் அதியமானின் வேல்களையும் அவர் அடுத்தடுத்து வைக்கிறார். கேட்டவன் புகழ் என்றே முதலில் எண்ணியிருக்கக்கூடும். ஆயினும் சொன்னவர் அவன் கண்முன்னே நிற்கிறார். எவருடைய தூதர் என்பதும் அவனுக்குத் தெரியும். சினம் வரின் அதனை எதிர்கொள்ள வேண்டியவர் அவரே. கோவூர்கிழார் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று கடிந்துரைத்ததும், மலையமான் மக்களை யானைக் காலில் இடவிருந்த கிள்ளிவளவனைத் தடுத்துரைத்ததும் இவ்வகையினவே. பழிப்புக்கு உரிய இடத்தை மரபு மறுக்கவில்லை; பழிப்பவர் நிற்க வேண்டிய இடத்தைத்தான் வரையறுத்தது.

உரையாசிரியர்களின் 'என்பாரும் உளர்'

பிறர் நூற் குற்றம் காட்டலை நூலாசிரியர் மேற்கொள்ளும் எழுவகை மதங்களுள் ஒன்றாக நன்னூல் ஏற்கிறது. ஆகவே ஒருவர் எழுத்தில் பிழை காண்பது தமிழ்மரபில் புறனடை ஆகாது, அது புலமையின் இயல்பான தொழில். அத்தொழில் நடைபெற்ற முறையை உரைகளில் காணலாம்.

பரிமேலழகர் தமக்கு முற்பட்ட உரைகளையும் பாடங்களையும் மறுக்கும் இடங்களில் பெரும்பாலும் 'என்பாரும் உளர்', 'என்று உரைப்பாரும் உளர்' என்றே குறிக்கிறார். மறுக்கப்படுபவர் மணக்குடவரா பிறரா என்பதைப் பிற்கால ஆய்வாளர் உரைகளை ஒப்புநோக்கியே அறிய வேண்டியுள்ளது. சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கும்போது 'உரையாசிரியர்' என்னும் சிறப்புப் பெயராலேயே சுட்டுகிறார். மறுப்பின் கடுமைக்கு அங்குக் குறைவில்லை. ஆனால் மறுக்கப்படும் கருத்துக்குரியவர் தம் பெருமையோடேயே நிற்கிறார். இரண்டிலும் அமைப்பு ஒன்றே: மறுப்பவர் அறியப்பட்டவர்; மறுக்கப்படுபவரின் இயற்பெயர் பின்னே நிறுத்தப்படுகிறது. குற்றம் கருத்தின்மேல் நிற்கிறது; ஆளின்மேல் ஒட்டுவதில்லை.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது சிறப்புப்பாயிரம் பற்றிய நன்னூல் விதி. தன் ஆசிரியன், தன்னொடு கற்றோன், தன் மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் ஆகியோரே பாயிரம் உரைத்தற்கு உரியர் என்கிறது அது. ஒரு நூலைப் புகழ்வதற்கே நூலாசிரியரோடு அறியப்பட்ட உறவு வேண்டும் என்றால், பெயரற்ற புகழுரைக்கு அங்கு இடமே இல்லை. இக்காலத்தில் பெயரில்லா வசை பற்றி எழும் கவலை பெயரில்லாப் புகழ் பற்றி எழுவதில்லை என்பது வியப்புக்குரியது. தன்னைத் தானே புகழ்தலையும் நன்னூல் விலக்குகிறது. அதற்குத் தரும் விலக்கிடங்களுள் ஒன்று, எதிராளி தன்னைப் பழித்த காலம். பழிக்கப்பட்டவன் தன் தகுதியை எடுத்துச் சொல்லலாம் என்னும் இச்சலுகை, பழித்தவன் எதிரே இருக்கிறான், விடையைக் கேட்கிறான் என்னும் நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டது. எதிராளி முகமற்றவனாயின் அச்சலுகை வெறும் தற்புகழ்ச்சியாகச் சுருங்கிவிடும். பெயரிலிக்கு விடை எழுதுவோர் உணரும் கூச்சத்தின் காரணம் இதுவே.

கண்டன நூல்கள் இப்பொது அமைப்பிலிருந்து விலகுகின்றன. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர், தமக்கு முந்தைய நூற்றாண்டினரான வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து 'இலக்கண விளக்கச் சூறாவளி' இயற்றினார். தலைப்பிலேயே மறுக்கப்படும் நூலின் பெயர் இருக்கிறது. நடையிலும் தயக்கம் இல்லை. விடையளிக்க நூலாசிரியர் உயிரோடு இல்லை என்பது இம்மறுப்பின் குறை எனலாம். எனினும் சூறாவளியை எழுப்பியவர் யார் என்பது வெளிப்படை. ஆதலால் அதனை எதிர்த்து எழுத விரும்பும் பிற்காலத்தார்க்கு இலக்கு உண்டு. கடுமையான மறுப்பும் முறையான மறுப்பாக நிலைத்ததற்கு இது போதுமானதாயிற்று.

கடா எழுப்புவோன்

குற்றம் காட்டுபவன் பெயரின்றி நிற்கும் இடம் மரபில் அறவே இல்லை எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஓர் இடம் உண்டு. அது உரைநூலின் உள்ளேயே உள்ளது. உரையாசிரியர் ஒரு பொருளைக் கூறியவுடன் 'அஃது அங்ஙனம் ஆகாதால் எனின்' என்றாற் போல ஒரு தடை எழுகிறது. தொடர்ந்து 'அற்றன்று' என விடை வருகிறது. இக்கடாவை எழுப்புவோன் யார்? மாணாக்கனாக இருக்கலாம்; மாற்றுக் கொள்கையினனாக இருக்கலாம்; உரையாசிரியரின் சொந்த ஐயமாகவும் இருக்கலாம். அவனுக்குப் பெயரில்லை. இறையனார் அகப்பொருள் உரையில் இக்குரல் மிகுதியாகக் கேட்கிறது. சில இடங்களில் உரையாசிரியரின் விளக்கத்தைவிடக் கடா கூர்மையானது என்றுகூடச் சொல்லத் தோன்றும்.

இப்பெயரிலிக்கு மரபு மதிப்பளித்ததன் காரணங்கள் கவனிக்கத்தக்கவை. அவன் கேட்பது பொருளைப் பற்றியே. உரையாசிரியரின் குலம், ஒழுக்கம், வருவாய் பற்றி அவன் வாய் திறப்பதில்லை. அவன் பேசும் இடமோ உரையாசிரியரால் அவனுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. விருந்தினன் போல வந்து, கேட்டு, விடை பெற்று அமைகிறான். விடை வந்த பின்னரும் அடங்காதவனாயின் அடுத்த கடாவோடு வருகிறான்; பழைய கடாவையே உரத்துச் சொல்வதில்லை. அதற்கு ஈடாக உரையாசிரியரும் ஒரு கடமையை ஏற்கிறார். எழுந்த தடையை அவர் மறைப்பதில்லை. அதன் வலிமை குன்றாமல் எடுத்துரைத்த பின்னரே விடையிறுக்கிறார். தம் எழுத்தின்மேல் பிறர் கருத்துக்கு இடமளிப்போர்க்கும், அவ்விடத்தில் பெயரின்றிப் பேசுவோர்க்கும் உரிய ஒழுகலாறு முழுதும் இக்கடாவிடை அமைப்பில் உருவாகிவிட்டது எனலாம்.

மறைந்த குரலுக்கு விடைக்கடன் உண்டு என்பதைத் திருவிளையாடற் புராணத்துத் தருமி கதை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. தருமி அவைக்குக் கொணர்ந்தது தான் இயற்றாத பாடல். நக்கீரர் அதில் குற்றம் கூறியபோது தருமியால் விடை சொல்ல இயலவில்லை, பாடல் அவனுடையதன்று. பொற்கிழியைப் பொறுத்த அளவில் செய்தி அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் மறைந்திருந்த ஆசிரியரான இறைவனே அவைக்கு வந்து எதிர்நிற்க நேர்ந்தது. நக்கீரரின் அஞ்சாமையே இக்கதையில் பெரிதும் பேசப்படுகிறது. பிறர் பெயரின் பின் நின்றவர், தடை எழுந்தவுடன் வெளிவந்து தம் சொல்லுக்குப் பொறுப்பேற்றது அதற்கு நிகரான செய்தி. அது போதிய அளவு பேசப்படவில்லை.

அச்சு வந்த பின்

ஏடு எழுதுபவரின் கையெழுத்தையும் ஊரையும் காட்டிக்கொடுக்கும். அச்செழுத்து எவரையும் காட்டிக்கொடாது. எழுதியவரிடமிருந்து எழுத்தைப் பிரித்தது அச்சு. இந்திய அரசின் அச்சகம், நூற்பதிவு பற்றிய சட்டம் 1867இல் இயற்றப்பட்டது. ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும், வெளியிட்டவர் பெயரும் இருத்தல் வேண்டும் என்றது அது. எழுதியவர் மறையலாம், ஆனால் வழக்கு வரின் நிற்பதற்கு ஒருவர் இருந்தாக வேண்டும் என்னும் ஏற்பாடு இது. மரபு புலவரிடம் கேட்ட பொறுப்பைச் சட்டம் அச்சகத்தாரிடம் கேட்டது.

அதே 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் இராமலிங்க அடிகளின் திருவருட்பா அச்சேறியது. தொடர்ந்த அருட்பா, மருட்பா வழக்கு பெயர்மறைப்பின் வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. 1869இல் வெளியான 'போலியருட்பா மறுப்பு' மாவண்டூர் தியாகேச முதலியார் பெயரைத் தாங்கியது. அதனை எழுதியவர் ஆறுமுக நாவலர் என்பது ஆய்வாளரிடையே பெருவழக்கான கருத்து. அவ்வாண்டிலேயே பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தையும் அடைந்தது. பாடல்களுக்கு 'அருட்பா' என்னும் பெயர் தகுமா என்னும் நூற்பொருள் வினாவில் தொடங்கியது, ஆட்களின் மதிப்பு பற்றிய வழக்காக முடிந்தது. இரவற்பெயர் இதற்கு ஒரே காரணம் அன்று. சமயப் பற்றும் மடங்களின் செல்வாக்கும் வலிய காரணங்கள். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. நாவலர் தம் பெயரிலேயே எழுதியவற்றின் கட்டுக்கோப்பான கண்டன நடை தமிழறிஞர் யாவரும் அறிந்தது. அத்தகையவர்க்கே வேறு பெயர் தேவைப்பட்டது என்றால், கண்டனத்தின் இலக்கு நூலிலிருந்து ஆளை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது என்றே கொள்ள வேண்டும்.

20ஆம் நூற்றாண்டு இதழியலில் புனைபெயர் வேறு வகையில் வளர்ந்தது. ரா. கிருஷ்ணமூர்த்தி 'கல்கி' என்னும் பெயரில் கதை எழுதினார். ஆனந்த விகடனின் 'ஆடல் பாடல்' பகுதியில் 'கர்நாடகம்' என்னும் பெயரில் இசையரங்குகளை மதிப்பிட்டார். அக்கல்கியின் எழுத்தைக் கடுமையாகச் சாடியபோது, புதுமைப்பித்தன் என அறியப்பட்ட சொ. விருத்தாசலம் 'ரசமட்டம்' என்னும் பெயரைக் கைக்கொண்டார். தம் கவிதைகளுக்கு அவர் கொண்ட பெயர் வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை. ஒரு பெயரின் பின் நின்று பிறரை மதிப்பிட்டவர் மற்றொரு பெயரால் மதிப்பிடப்பட்டார் என்பது இதழியல் வரலாற்றின் இனிய முரண்.

எனினும் 'கர்நாடகம்', 'ரசமட்டம்' ஆகியவற்றைப் பெயரின்மையோடு ஒன்றாக எண்ணுதல் பிழை. நிலைத்த புனைபெயர் நாளடைவில் ஓர் ஆளாகிறது. வாசகர் அதன் சுவையை அறிகின்றனர். முன்னர்ச் சொன்னதற்கு மாறாகச் சொன்னால் கேள்வி எழுப்புகின்றனர். இழப்பதற்கு மதிப்பு என ஒன்று அதற்கு உண்டு. இதழாசிரியரோ அப்பெயரின் உள்ளிருப்பவரை அறிவார். ஒருமுறை எழுதி மறையும் பெயரிலிக்கு இவை எவையும் இல்லை. எனவே புனைபெயரைக் கடாவுக்கும் கையொப்பமிட்ட மறுப்புக்கும் இடைப்பட்டதாகக் கொள்வதே தகும்.

அஞ்சுவோர்க்கு உரிய மறைப்பு

இதுகாறும் கூறியவை ஒரு தடைக்கு விடை கூறாமல் நிறைவு பெறா. ஔவையாருக்குத் தூதர் என்னும் காப்பு இருந்தது. கோவூர்கிழாருக்குப் புலவர் என்னும் காப்பு இருந்தது. அக்காப்பு எதுவும் இல்லாதவர் தம்மினும் வலியாரின் குற்றத்தை எவ்வாறு காட்டுவது? தம் நெறியாளரின் பதிப்பில் பிழை காணும் ஆய்வு மாணவர், மேலதிகாரியின் முறைகேட்டை அறிந்த எழுத்தர், ஊர்ப் பெரியவரின் கூற்றை மறுக்க விரும்பும் பெண் ஆகியோரிடம் பெயரோடு வந்து பேசுக என்பது பேசாதிருக்க என்பதற்கு ஒப்பாகும். மொட்டைக் கடிதம் இழிந்தது எனச் சொல்வது எளிது. கையொப்பமிட்டால் வேலை போகும் என்னும் நிலையில் அதனை எழுதியவரின் வழக்கு வேறு.

அரசு நிருவாகம் இச்சிக்கலைக் கையாண்ட விதம் அறியத்தக்கது. பெயரில்லாத, போலிப் பெயர் கொண்ட முறையீடுகளின்மேல் நடவடிக்கை எடுத்தல் வேண்டா என நடுவண் விழிப்புப்பணி ஆணையம் 1999இல் அறிவுறுத்தியது. பின்னர் 2004இல் இந்திய அரசின் தீர்மானம் ஒன்று வேறொரு வழியைத் திறந்தது. முறையீட்டாளர் தம் பெயரை ஆணையத்திற்குத் தெரிவிப்பார். ஆணையம் அதனைப் பிறரிடமிருந்து காக்கும். குற்றம் சாட்டப்பட்டவர்க்குப் பெயர் மறைவு. நடுநிலையான ஒருவர்க்கு வெளிப்படை. முழு மறைப்புக்கும் முழு வெளிப்பாட்டுக்கும் இடையே மூன்றாவது நிலை ஒன்று உண்டு என்பதை இது காட்டுகிறது.

ஆய்விதழ் மதிப்பீடு

புலமை உலகில் இம்மூன்றாம் நிலையின் வடிவமே ஆய்விதழ் மதிப்பீட்டு முறை. கட்டுரையாளர், மதிப்பீட்டாளர் இருவர் பெயரும் ஒருவர்க்கொருவர் மறைக்கப்படுகின்றன; இதழாசிரியர் இருவரையும் அறிவார். 1902இல் தொடங்கிய இலண்டன் டைம்ஸ் இலக்கிய இணைப்பிதழ் மதிப்புரைகளைப் பல்லாண்டுகள் பெயரின்றியே வெளியிட்டு, 1974இல்தான் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. அங்கும் பொறுப்பு ஆசிரியரிடம் இருந்தது. ஆயினும் அம்மதிப்புரைகள் அச்சாயின. வாசகர் படித்து எடைபோட்டனர். ஆய்விதழ் மதிப்பீட்டாளரின் குறிப்போ கட்டுரையாளர் ஒருவரையே அடைகிறது. அதனைப் படித்து, அதில் உள்ளது மறுப்பா வசையா எனச் சொல்ல அவையில்லை.

தமிழாய்வில் இதன் விளைவு கூடுதலானது. துறை சிறியது, ஒரு சங்கப் பாடலின் பாடவேறுபாடு பற்றியோ ஒரு கல்வெட்டுச் சொல் பற்றியோ முனைந்து உழைப்போர் ஒரு சிலரே. கட்டுரையின் நடையும் எடுத்துக்காட்டும் எழுதியவரை எளிதில் காட்டிவிடும். நெடுநல்வாடையின் வேம்பு போல. மதிப்பீட்டாளர் கட்டுரையாளரை அறிந்துகொள்கிறார். கட்டுரையாளர் மதிப்பீட்டாளரை அறிய இயலுவதில்லை. இருபுற மறைப்பு நடைமுறையில் ஒருபுற மறைப்பாகிவிடுகிறது. 'இப்பொருளை ஆராய இவர்க்குத் தகுதியில்லை' என்னும் ஒரு வரிக் குறிப்பு இந்நிலையில் ஓர் ஆய்வு மாணவரின் பட்டத்தையும் பணியையும் தடுக்க வல்லது. எழுதியவர்க்கு அதனால் வரும் இழப்பு ஏதுமில்லை.

கடாவிடை மரபு இங்கு நேரடியாகப் பயன்படும். மதிப்பீட்டாளரின் குறிப்பு விடையளிக்கக்கூடிய வடிவில் இருத்தல் வேண்டும். 'இவ்வுரைப்பகுதிக்கு வேறு பொருள் கொள்வாரும் உளர். அதனைக் கட்டுரை கருதாதது ஏன்?' என்பது கடா. அதற்குச் சான்றோடு மறுமொழி கூறலாம். 'கட்டுரை ஆழமற்றது' என்பது கடா ஆகாது. அதற்கு விடையே இல்லை. கட்டுரையாளர் எழுதும் மறுமொழியை மதிப்பீட்டாளர்க்குக் கட்டாயமாக அனுப்புதலும், அதனைக் கண்ட பின்னரும் தம் தடை நிற்குமா எனக் கேட்டு அறிதலும் இதழாசிரியரின் கடன். ஆளை நோக்கிய தொடர்களை நீக்கியே குறிப்பைக் கட்டுரையாளர்க்கு அனுப்பும் வழக்கம் சில இதழ்களில் உண்டு. அது கட்டுரையாளரைக் காக்கிறது. ஆனால் அத்தொடர்களை எழுதியவர் தாம் செய்ததை அறியாமலே போகிறார். நீக்கப்பட்டவை இவை என அவர்க்கும் தெரிவிக்கும் ஒரு வரி, அடுத்த குறிப்பு எழுதப்படும் முறையை மாற்றக்கூடும்.